அரசாங்கமே ஹேக் பண்ணா திருப்பி அடிக்க வேண்டியதுதானே? ஏன் அடிக்க மாட்டேங்கறாங்க?

கேள்வி இதுதான். ஒரு நாட்டு அரசாங்கம் ஆள் வச்சு இன்னொரு நாட்டு ஆஃபீஸ் கம்ப்யூட்டருக்குள்ள புகுந்து ஃபைல் எல்லாம் அள்ளிட்டுப் போகுது, யார் பண்ணதுன்னும் தெரிஞ்சிடுது, அப்புறமும் ஏன் அறிக்கை மட்டும் விட்டுட்டு சும்மா இருக்காங்க? கேட்டவர் ஒரு சின்ன கம்பெனில சிஸ்டம் அட்மினா இருக்கார், தன்னோட நெட்வொர்க்ல இப்படி ஒன்னு கண்ணுல பட்டா என்ன பண்றதுன்னும் சேர்த்துக் கேட்டிருக்கார். நான் பத்து வருஷத்துக்கு மேல லாக், அதாவது கம்ப்யூட்டர்ல நடந்தத பதிஞ்சு வைக்கற குறிப்பு, பாக்கற வேலைலயே இருக்கேன், அதனால கொஞ்சம் நீளமாவே சொல்றேன், பொறுமையா படிங்க.

முதல்ல ஒன்னு சொல்லிடறேன். உளவு பாக்கறதுங்கறது எல்லா நாடும் பண்றது. சமாதான காலத்துல ஒரு நாடு இன்னொரு நாட்டை உளவு பாக்கக் கூடாதுன்னு நேரடியா தடை போட்ட சர்வதேச ஒப்பந்தம் கிடையாது, அந்தந்த நாட்டு சட்டப்படி அது குற்றம், அவ்வளவுதான். அதனால பாதிக்கப்பட்ட நாடு கோபமா எழுந்து நின்னாலும், தன் ஆளுங்களும் இதே வேலைய வேற எங்கயோ பண்ணிட்டு இருக்காங்கங்கறது அதுக்கே தெரியும். இது புரிஞ்சா மத்ததெல்லாம் தானா புரியும்.

எனக்கு நல்லா தெரிஞ்ச கேஸ் ஒன்ன எடுத்துக்கறேன். அமெரிக்காவுல ஓபிஎம்னு ஒரு ஆஃபீஸ் இருக்கு, மத்திய அரசு ஊழியர்களோட சர்வீஸ் ரெக்கார்டு பாக்கற துறை. பேர கேட்டா ராணுவ ரகசியம் எதுவும் இருக்காதுன்னு தோணும். ஆனா அங்கதான் ரகசிய வேலைக்குப் போறவங்கள்ல பெரும்பாலானவங்க நிரப்பிக் குடுக்கற எஸ்எஃப் 86ங்கற ஃபார்ம் போய்ச் சேரும், 127 பக்கம். எங்கெல்லாம் குடியிருந்தீங்க, சொந்தக்காரங்க யாரு, வெளிநாட்டுல யாரைத் தெரியும், கடன் எவ்வளவு, போதைப்பொருள் எடுத்திருக்கீங்களா, மனநல டாக்டர்கிட்ட போயிருக்கீங்களான்னு ஒரு மனுஷனோட மொத்த வாழ்க்கையும் அதுல இருக்கும். ஒருத்தரை மடக்கணும்னு நினைக்கற உளவுத்துறைக்கு இதை விட வேற என்ன வேணும்?

2014 மார்ச்லயே ஓபிஎம்முக்கு தகவல் வந்துடுச்சு, நெட்வொர்க்குக்குள்ள ஒரு ஹேக்கர் இருக்கான்னு. உடனே துரத்தல, என்ன பண்றான்னு ரெண்டு மாசம் வேடிக்கை பார்த்தாங்க, இது தப்பில்ல, நாங்களும் சில சமயம் அப்படித்தான் பண்ணுவோம், அவசரப்பட்டு ஒரு கதவை மட்டும் மூடினா அவன் வச்சிருக்கற மத்த கதவெல்லாம் நமக்குத் தெரியாமலே போயிடும். மே 27ஆம் தேதி ஒரே அடியா துடைச்சு எடுத்தாங்க. ஆனா அதுக்கு இருபது நாள் முன்னாடி, மே 7ஆம் தேதியே, ஒரு கான்ட்ராக்டர் கம்பெனி ஊழியரோட யூசர்நேம் பாஸ்வேர்ட வச்சு இன்னொரு ஆள் உள்ள வந்துட்டான், அவன இவங்க பாக்கவே இல்ல. வீட்டுல ஒரு திருடனைப் பிடிச்சுட்டோம்னு நிம்மதியா தூங்கப் போறாங்க, இன்னொருத்தன் பரண்மேல உக்காந்திருக்கான். அந்த வருஷம் ஜூலை ஆகஸ்ட்ல அந்த ஃபார்ம்கள் போச்சு, டிசம்பர்ல ஊழியர் ரெக்கார்டு போச்சு, 2015 மார்ச்ல கைரேகை போச்சு.

கண்டுபிடிச்ச விதத்தத்தான் நான் புதுசா வேலைக்கு வர்ற பசங்களுக்கெல்லாம் சொல்லுவேன். 2015 ஏப்ரல் 15, வெளிய போற ட்ராஃபிக்ல ஓபிஎம்செக்யூரிட்டி டாட் ஓஆர்ஜின்னு ஒரு டொமைன், அதாவது வெப்சைட் பேரு, தட்டுப்பட்டுது. பேர பார்த்தா அவங்க ஆஃபீஸோட சொந்த சைட் மாதிரியே இருக்கும், யாரும் கண்டுக்காம தாண்டிப் போயிடுவாங்க. ஆனா அப்படி ஒரு டொமைன் ஓபிஎம்கிட்ட இல்லவே இல்ல. யார் பேர்ல ரெஜிஸ்டர் ஆகியிருக்குன்னு பார்த்தா ஸ்டீவ் ரோஜர்ஸ், அதாவது காமிக்ஸ்ல வர்ற கேப்டன் அமெரிக்காவோட நிஜப் பேரு. இன்னொரு டொமைன் டோனி ஸ்டார்க் பேர்ல. அந்த ட்ராஃபிக் எந்த ஃபைல்லேர்ந்து கிளம்புதுன்னு தேடினா எம்சியூடில் டாட் டிஎல்எல்னு ஒன்னு, மெக்காஃபி ஆன்டிவைரஸோட ஃபைல் மாதிரி வேஷம் போட்டிருந்துச்சு. ஓபிஎம்ல மெக்காஃபியே யூஸ் பண்றதில்ல. நம்ம ஆஃபீஸ்ல என்ன இருக்கு என்ன இல்லன்னு தெரிஞ்ச ஆளுக்குத்தான் இது கண்ணுல படும், எவ்வளவு விலை குடுத்து டூல் வாங்கினாலும் இந்த ஒரு விஷயத்துக்கு அது ஈடாகாதுன்னு நான் நம்பறேன்.

கணக்கு வெளிய வந்தப்போ எல்லாருக்கும் அதிர்ச்சி. 42 லட்சம் பேரோட ஊழியர் ரெக்கார்டு. பின்னணி விசாரணைக்காக வாங்கி வச்ச தகவல் 2 கோடியே 15 லட்சம் பேரோடது, இதுல ஊழியர் மட்டும் இல்ல, கணவன் மனைவி, கூடக் குடியிருந்தவங்கன்னு வேற ஆளுங்களும் உண்டு. கைரேகை முதல்ல 11 லட்சம்னாங்க, செப்டம்பர்ல 56 லட்சம்னு திருத்தினாங்க.

சரி, இதுக்கு அமெரிக்கா என்ன பண்ணுச்சு? இங்கதான் உங்க கேள்விக்கு வர்றோம். அன்னைக்கு தேசிய உளவுத்துறை இயக்குநரா இருந்தவர் ஜேம்ஸ் கிளாப்பர். அவர் 2015 ஜூன்ல ஒரு மேடைல சீனாதான் முதல் சந்தேகம்னு சொன்னார், சொன்ன கையோட அவங்க பண்ண வேலைக்கு ஒரு சல்யூட் வைக்கத்தான் வேணும், நமக்கு அந்த வாய்ப்பு கிடைச்சிருந்தா நாமளும் ஒரு நிமிஷம் கூட யோசிச்சிருக்க மாட்டோம்ங்கற அர்த்தத்துல பேசினார். ஒட்டுக்கேக்கற வேலை பாக்கற என்எஸ்ஏ, வெளிநாட்டு உளவு பாக்கற சிஐஏ ரெண்டுக்கும் தலைவரா இருந்த மைக்கேல் ஹேடன் இன்னும் ஒரு படி மேல போய், இது சீனாவுக்கு வெக்கக்கேடு இல்ல, இப்படிப்பட்ட தகவலைப் பாதுகாக்காம விட்ட நமக்குத்தான் வெக்கக்கேடுன்னார். அதே ஜூன் மாசம்தான் ஜெர்மனில, ஏஞ்சலா மெர்கலோட போனை அமெரிக்கா ஒட்டுக்கேட்டுச்சுங்கற வழக்கை கோர்ட்டுல நிக்கற அளவுக்கு ஆதாரம் இல்லன்னு அரசு வக்கீல் மூடினார். தன் நட்பு நாட்டுத் தலைவி போன் விஷயத்துலயே மாட்டிக்கிட்ட நாடு, எங்க ஃபைல எப்படி எடுக்கலாம்னு உலகத்து முன்னாடி எவ்வளவு சத்தமா கேக்க முடியும்? ஒபாமா அரசாங்கம் ஓபிஎம் விஷயத்துல சீனா மேல முறைப்படி குற்றம் சாட்டவே இல்ல.

சத்தம் வராம நடந்த வேலை நிறைய. பெய்ஜிங் தூதரகத்துலேர்ந்து சிஐஏ ஆளுங்க சிலரை திரும்பக் கூப்பிட்டுட்டாங்கன்னு அந்த செப்டம்பர்ல செய்தி வந்துச்சு. காரணம் கேட்டா ஆச்சரியமா இருக்கும். சிஐஏ ஊழியர் விவரம் ஓபிஎம்ல கிடையாது, அவங்க தனியா வச்சிருக்காங்க. ஆனா வெளியுறவுத்துறை ஊழியர் விவரம் ஓபிஎம்ல இருக்கு. தூதரகத்துல 'வெளியுறவுத்துறை ஊழியர்'னு சொல்லிக்கிட்டு உக்காந்திருக்கற ஒருத்தர் பேரு திருடின லிஸ்ட்ல இல்லன்னா, அப்போ அவர் யாரு? லிஸ்ட்ல இல்லாததே காட்டிக் குடுத்துடும். என்னைப் பொறுத்தவரை இந்த மொத்தக் கதையிலயும் ரொம்பப் பயமுறுத்தற இடம் இதுதான், பாதுகாப்பா தனியா வச்ச ரகசியமும் பக்கத்து ஆஃபீஸோட கவனக்குறைவால வெளிய வந்துடுது.

ஓபிஎம் இயக்குநர் கேத்தரின் ஆர்ச்சுலேட்டா ஜூலை 10ஆம் தேதி ராஜினாமா பண்ணாங்க. அந்தத் துறையோட சொந்த ஆடிட்டரே முந்தின வருஷம் எழுதி வச்சிருந்தார், 47 பெரிய சிஸ்டத்துல 11க்கு முறையான பாதுகாப்பு அனுமதியே இல்ல, ஒன்னுல கூட ஸ்மார்ட் கார்டு வச்சு லாகின் பண்ணனும்னு கட்டாயம் இல்லன்னு. படிச்சவங்க பேசாம இருந்துட்டாங்க. ஜூன்ல வெள்ளை மாளிகை 30 நாள் கெடு வச்சு எல்லா சிவில் துறையும் லாகின டைட் பண்ணணும்னு விரட்டுச்சு, பாஸ்வேர்டு மட்டும் இல்லாம ரெண்டாவது ஒரு சரிபார்ப்போட உள்ள வர்றவங்க 42 சதவீதத்துலேர்ந்து 72 சதவீதம் ஆனாங்க. ஒரே மாசத்துல! இது முன்னாடியே முடிஞ்சிருக்கக் கூடிய வேலைதானேன்னு நினைக்கும்போது எனக்கு இன்னைக்கும் வயிறு எரியும்.

இப்போ அடுத்தது. அமெரிக்கா உளவுக்கு சும்மா இருந்தாலும், இன்னொரு வகைக்கு சும்மா இருக்கல, இந்த வித்தியாசம் தெரியாமத்தான் நிறைய பேர் குழம்பிடறாங்க. அரசு ரகசியத்த எடுக்கறது உளவு. ஒரு கம்பெனியோட டிசைனையும் விலைப்பட்டியலையும் திருடி தன் ஊர் கம்பெனிக்குக் குடுக்கறது திருட்டு. அமெரிக்கா இந்த ரெண்டையும் பிரிச்சுப் பேசும், சீனா ரொம்ப நாளா அந்தக் கோட்டை ஒத்துக்கவே இல்ல. 2013 பிப்ரவரில மாண்டியன்ட்னு ஒரு சைபர் பாதுகாப்பு கம்பெனி ரிப்போர்ட் விட்டுச்சு, ஷாங்காய் புடாங் பகுதில ஒரு 12 மாடிக் கட்டிடம், அங்க இருக்கற சீன ராணுவத்தோட 61398ஆம் யூனிட், அவங்க 141 நிறுவனத்துக்குள்ள புகுந்திருக்காங்கன்னு. 2014 மே 19ஆம் தேதி பிட்ஸ்பர்க் கோர்ட்டுல அந்த யூனிட்டைச் சேர்ந்த 5 அதிகாரிங்க மேல கிரிமினல் வழக்கு. வெஸ்டிங்ஹவுஸ், யுஎஸ் ஸ்டீல், அல்கோவா, சோலார்வேர்ல்டு, ஒரு தொழிற்சங்கம்னு லிஸ்ட். வேலை நடந்த நேரத்த கிராஃபா போட்டுக் காட்டினாங்க, ஷாங்காய் நேரப்படி காலைல ஏறும், மதிய சாப்பாட்டு நேரத்துல இறங்கும், திரும்ப ஏறும், சாயங்காலம் அடங்கும். வீட்டுல உக்காந்து விளையாட்டுக்குப் பண்ற பையன் இப்படி ஆஃபீஸ் டைம் பார்த்துப் பண்ண மாட்டான்.

அஞ்சு பேர்ல ஒருத்தரும் இன்னைக்கு வரைக்கும் கைதாகல. அப்போ வழக்கு எதுக்குன்னு கேப்பீங்க. அவங்க வெளிநாட்டுக்குப் போக முடியாது, அது ஒன்னு. பெரிய விஷயம் என்னன்னா 'எங்களால பேரு, போட்டோவோட உங்க ஆள காட்ட முடியும்'னு சொல்றது. 2015 ஏப்ரல்ல ஒபாமா சைபர் வேலைக்காகவே தனியா ஒரு பொருளாதாரத் தடை உத்தரவ போட்டார், ஆகஸ்ட் கடைசில சீன கம்பெனிங்க மேல அது பாயப் போகுதுன்னு செய்தி கசிஞ்சுது, செப்டம்பர்ல ஷி ஜின்பிங் வாஷிங்டன் வரணும். அவர் வர்றதுக்கு முன்னாடியே மெங் ஜியான்ஜுங்கற மூத்த தலைவர் ஓடி வந்து பேச்சுவார்த்தை நடத்தினார், 25ஆம் தேதி ரெண்டு தலைவரும் சேர்ந்து சொன்னாங்க, வியாபார லாபத்துக்காக கம்பெனி ரகசியத்த சைபர் வழியா திருடற வேலைய ரெண்டு அரசாங்கமும் பண்ணாது, தெரிஞ்சே ஆதரிக்கவும் செய்யாதுன்னு. அந்த வாசகத்துல உளவ பத்தி ஒரு வார்த்தை இல்ல பாருங்க. ஓபிஎம் மாதிரி இன்னொன்னு மறுநாளே நடந்தாலும் ஒப்பந்தத்த மீறினதா ஆகாது.

பலன் இருந்துச்சா? கொஞ்ச நாள் இருந்துச்சு. ஃபயர்ஐங்கற சைபர் பாதுகாப்பு கம்பெனி 2016ல விட்ட கணக்குல சீனக் குழுக்களோட ஊடுருவல் மாசத்துக்கு 60க்கு மேல இருந்தது 10க்கும் கீழ வந்திருந்துச்சு. ஆனா அந்த இறக்கம் ஒப்பந்தத்துக்கு ஒரு வருஷம் முன்னாடியே ஆரம்பிச்சிடுச்சு, சீன ராணுவத்துக்குள்ளயே அப்போ பெரிய மாற்றம் நடந்துட்டு இருந்துச்சு, அதனால எது எவ்வளவு காரணம்னு பிரிச்சுச் சொல்றது கஷ்டம். 2018 டிசம்பர்ல திரும்ப வழக்கு, இந்தத் தடவை ராணுவம் இல்ல, அவங்க உளவு அமைச்சகத்தோட சேர்ந்து வேலை செஞ்சவங்க மேல, மத்த கம்பெனிங்களோட ஐடிய பார்த்துக்கற சர்வீஸ் கம்பெனி வழியா உள்ள போயிருந்தாங்க. ஆள் மாறுச்சு, வழி மாறுச்சு, வேலை நிக்கல. ஆனா வழக்கால ஒரு பயனும் இல்லன்னு சொல்றவங்க கூட எனக்கு உடன்பாடு இல்ல, அந்த சில வருஷம் அவங்க செலவு ஏறுச்சு, ஆள மாத்த வேண்டியதாச்சு, அதுவும் ஒரு பதிலடிதான்.

ரஷ்யா விஷயத்துல வேற மாதிரி. சோலார்விண்ட்ஸ் கம்பெனி கேள்விப்பட்டிருப்பீங்க, நெட்வொர்க்க கண்காணிக்கற ஓரியன்ங்கற டூல் அவங்களோடது, நீங்க அட்மின்ங்கறதால அது மாதிரி ஒன்னு உங்ககிட்டயும் இருக்கும். 2020ல அந்த டூலோட அப்டேட்டுக்குள்ளயே, கோடு பில்ட் ஆகற இடத்துலயே, பின்கதவ நுழைச்சுட்டாங்க. கம்பெனியோட டிஜிட்டல் கையெழுத்தோட வந்த அப்டேட், கிட்டத்தட்ட 18,000 கஸ்டமர் இறக்கினாங்க. உள்ள போனதும் ரெண்டு வாரம் வரைக்கும் அசையாம படுத்திருக்கும். அவங்க உண்மையிலயே வேலைய காட்டினது 9 மத்திய அரசுத் துறை, ஒரு 100 கம்பெனிகிட்ட. வெளிய வந்தது எப்படின்னா, ஃபயர்ஐல ஒரு ஊழியர் பேர்ல லாகினுக்காக ரெண்டாவது போன் ஒன்னு ரெஜிஸ்டர் ஆச்சு, செக்யூரிட்டி டீம்ல ஒருத்தர் அந்த ஊழியரைக் கூப்பிட்டு 'நீங்களா புது போன் சேர்த்தீங்க'ன்னு கேட்டார், 'இல்லையே'ன்னு பதில் வந்துச்சு. அந்த ஒரு போன் காலுக்கு முன்னாடி அமெரிக்காவோட அவ்வளவு பெரிய கண்காணிப்பு எதுவும் இத பிடிக்கல.

டிசம்பர் 13ஆம் தேதி ராத்திரியே எல்லாத் துறையும் ஓரியன கழட்டி விடுங்கன்னு உத்தரவு. 2021 ஏப்ரல் 15ல ரஷ்யாவோட எஸ்விஆர் உளவுத்துறைதான்னு பேரு சொல்லி, 10 ரஷ்ய அதிகாரிங்கள வெளியேத்தி, 6 ரஷ்ய டெக் கம்பெனிங்க மேல தடை போட்டாங்க. ரஷ்யாவும் 10 பேரை வெளியேத்துச்சு, கணக்கு சரியாப் போச்சு. இதுவும் உளவுதானே, அப்போ ஏன் இவ்வளவு கோபம்னா, அளவு. 9 ஆஃபீஸுக்குள்ள போறதுக்காக 18,000 பேரோட சாஃப்ட்வேர்ல ஓட்டை போட்டது எல்லை மீறல்னு அமெரிக்கா சொல்லுச்சு. இதுல எனக்கு முழு உடன்பாடு உண்டு. அப்டேட் போடுங்க அப்டேட் போடுங்கன்னு வருஷக்கணக்கா எல்லார்கிட்டயும் கெஞ்சிட்டு இருக்கோம், அந்த அப்டேட் மேலயே பயம் வர வச்சா நாங்க என்னத்த சொல்றது.

அதுக்கப்புறம் அரசாங்கங்க கையில எடுத்தது இன்னும் நேரடியான வேலை. 2021ல மைக்ரோசாஃப்ட் எக்ஸ்சேஞ்ச்ங்கற மெயில் சர்வர்கள்ல சீனக் குழு வச்சிட்டுப் போன வெப் ஷெல்கள, அதாவது திரும்ப உள்ள வர்றதுக்கான பின்கதவு ஃபைல்கள, கோர்ட் அனுமதி வாங்கி, எஃப்பிஐயே அந்தந்த கம்பெனி சர்வருக்குள்ள போய் அழிச்சுது, ஓனருக்குத் தகவல் அப்புறம்தான் போச்சு. நல்ல காரியம்தான், ஆனா போலீஸ் என் சர்வருக்குள்ள என்னக் கேக்காம வரலாம்ங்கறது ஒரு பழக்கமாயிட்டா எங்க போய் நிக்கும்ங்கற கவலை எனக்கு உண்டு. வோல்ட் டைஃபூன்ங்கற சீனக் குழு பயன்படுத்தின பழைய ரவுட்டர்கள 2023 டிசம்பர்ல இதே மாதிரி சுத்தம் பண்ணாங்க, 2024 ஜனவரில வெளிய சொன்னாங்க. அந்தக் குழு ஃபைல் திருட வரல, தண்ணி, கரண்ட்டு மாதிரி இடங்கள்ல நாளைக்குத் தேவைப்பட்டா நிறுத்தறதுக்காக இப்பவே உள்ள போய் உக்காந்துக்கறாங்கன்னு அமெரிக்கா சொல்லுது. அத உளவுன்னு விட்டுட முடியாது.

அதே 2024ல சால்ட் டைஃபூன்ங்கற இன்னொரு சீனக் குழு 9 அமெரிக்க டெலிகாம் கம்பெனிக்குள்ள புகுந்தது தெரிய வந்துச்சு. கோர்ட் உத்தரவோட போலீஸ் ஒட்டுக்கேக்கறதுக்காக வச்சிருக்கற சிஸ்டத்தையே குறி வச்சாங்க. டிசம்பர்ல அமெரிக்க அரசாங்கமே தன் முக்கிய அதிகாரிங்களுக்கு, முழு என்க்ரிப்ஷன் இருக்கற, அதாவது பேசற ரெண்டு பேரைத் தவிர யாராலும் படிக்க முடியாத, ஆப்ல மட்டும் பேசுங்கன்னு சொல்ல வேண்டிய நிலைமை. பல வருஷமா அந்த என்க்ரிப்ஷன் எங்களுக்கு இடைஞ்சல்னு சண்டை போட்ட எஃப்பிஐயும் அதே மாசம் என்க்ரிப்ஷன் இருக்கற போன பயன்படுத்துங்கன்னு சொல்லுச்சு. அரசாங்கத்துக்காகத் திறந்து வைக்கற கதவு வழியா யார் வேணா வருவாங்கன்னு இந்தத் துறைல இருக்கறவங்க கத்திட்டே இருந்தோம்.

நம்ம ஊர்ல நடந்த ஒன்னையும் சொல்லணும், கூடங்குளம். 2019 செப்டம்பர் 4ஆம் தேதி, மத்திய அரசோட சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன், அணுமின் கழகத்துக்கு ஒரு மால்வேர் தகவல் குடுத்துச்சு. அக்டோபர் கடைசில விஷயம் வெளிய வந்ததும் 29ஆம் தேதி நிலையத்துலேர்ந்து இது தவறான தகவல்னு அறிக்கை. மறுநாள் 30ஆம் தேதி அணுமின் கழகமே ஆமா, நிர்வாக வேலைக்கு இன்டர்நெட்டோட இணைஞ்சிருந்த ஒரு கம்ப்யூட்டர்ல இருந்துச்சு, உலைய இயக்கற நெட்வொர்க் தனி, அது பாதிக்கலன்னு ஒத்துக்கிட்டாங்க. டிட்ராக்னு அந்த மால்வேர், வட கொரியாவோட லாசரஸ்ங்கற ஹேக்கர் குழுவோடதுன்னு ஆராய்ச்சியாளர்கள் சொல்றது. உலை பாதிக்கலங்கறத நான் சந்தேகப்படல, தனி நெட்வொர்க்னா அப்படித்தான். ஆனா முதல் நாள் இல்லன்னு சொல்லி அடுத்த நாள் ஆமான்னா, அப்புறம் நீங்க சொல்ற நிஜத்தையும் அந்த ஊர் ஜனங்க எப்படி நம்புவாங்க? பக்கத்துல இடிந்தகரைல இருக்கறவங்களுக்கு அது வெறும் ஐடி செய்தி இல்ல.

இப்போ உங்க ரெண்டாவது கேள்வி. திருப்பி அடிக்கறத மறந்துடுங்க, அது உங்களுக்குச் சட்டப்படியும் தப்பு, நீங்க பாக்கற ஐபி அட்ரஸ் பெரும்பாலும் இன்னொரு பாவப்பட்ட ஆஃபீஸோட சர்வராத்தான் இருக்கும். சந்தேகப்படற மெஷின உடனே ஃபார்மட் பண்ணிடாதீங்க, எல்லாரும் பண்ற முதல் தப்பு இதுதான், நான் போய்ச் சேர்றதுக்குள்ள ஒரு இடத்துல பதட்டத்துல ஓஎஸ்ஸ திரும்பப் போட்டுட்டு, எப்ப வந்தான் எப்படி வந்தான்னு ஒன்னுமே கைல இல்லாம நின்னோம். நெட்வொர்க்லேர்ந்து பிரிங்க, பவர ஆஃப் பண்ணாதீங்க, மெமரில இருக்கறது போயிடும். 2022 ஏப்ரல் 28 உத்தரவுப்படி தெரிஞ்ச 6 மணி நேரத்துக்குள்ள செர்ட்-இன்னுக்குச் சொல்லணும், லாக 180 நாள் வச்சிருக்கணும். அந்த லாக் அதே மெஷின்ல இருந்தா அவன் அழிச்சுட்டுப் போவான், வேற இடத்துக்கு அனுப்பி வைங்க. இத இன்னைக்கே பண்ணிடலாம், ஒரு பழைய பிசில லினக்ஸ் போட்டு, மத்த மெஷின் லாக எல்லாம் வாங்கி வைக்கற சிஸ்லாக் சர்வர் ஆக்கினா போதும், ஃபயர்வால், டொமைன் கன்ட்ரோலர், விபிஎன் மூணும் முதல்ல அனுப்பட்டும். செட்டப்ல எங்கயாவது மாட்டினா எழுதுங்க, கான்ஃபிக் பார்த்துச் சொல்றேன்.